வலையில் வந்த எலும்பு

என் வாய்க்குப் பூட்டில்லை என்று உம்மா ஏசாத நாளில்லை. அதன் அர்த்தம் இந்த வருடம்தான் எனக்கு உறைத்தது.

பள்ளிவாசல்துறைப் போட் ஒன்றின் வலையில் அந்த எலும்பு வந்தது. கறுத்து, உள்ளே குழிந்து, கைக்குள் அடங்குகிற அளவு. மண்டையோட்டுத் துண்டாக இருக்குமோ என்று போட்காரருக்குப் பயம். மனித எலும்பென்றால் எங்கள் பக்கம் திருப்பிக் கடலில் போடமாட்டார்கள். கரைக்குக் கொண்டுவந்து, கபன் துணி சுற்றி அடக்குவார்கள்.

எனக்கு மூத்தவள், என் ராத்தாவின் புருஷன் அதே கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அடக்க மையித்தும் கிடைக்கவில்லை, போய் நின்று துஆக் கேட்கக் கப்றும் இல்லை. எலும்புச் செய்தி கேட்டதும், மச்சானுக்கென்று அலுமாரியில் வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணியை ராத்தா கொடுத்தனுப்பினாள். அதில் சுற்றித்தான் பள்ளிவாசல் தலைவர் எலும்பை என்னிடம் தந்தார்.

"டீச்சர், நீங்க சயன்ஸ் படிப்பிக்கிறீங்க. இது மனுசன்டயா எண்டு பாத்துச் சொல்லுங்க. அதுக்குப் பொறகுதான் அடக்கலாம்."

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. எலும்புக்கு அந்தப் பாரம் இராது, அது கல்லாகியிருந்தது. ஒரு பக்கம் தடித்து உருண்டு, மறுபக்கம் மெல்லிய விளிம்பாகச் சுருண்டு, பெரிய சோகிச் சிப்பி மாதிரி. மனிதனுடையதல்ல என்று அப்போதே ராத்தாவிடம் போய்ப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நான் படம் பிடித்து, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற என் கூட்டாளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் உடனே கோல் எடுத்தாள்.

"இது திமிங்கிலத்தின்ட காதெலும்பு. மத்த எலும்பெல்லாம் கரைஞ்சாலும் இது மிஞ்சும். லட்சக்கணக்கான வருசப் பழசா இருக்கும். இப்படி முழுசா இங்க ஒருத்தரும் எடுத்ததா நான் கேள்விப்படல்ல. பத்திரமா வை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே ராத்தா வீட்டுக்கு ஓடினேன்.

"ராத்தா, இது என்ன தெரியுமா? திமிங்கிலத்தின்ட காது. கல்லாப் போன காது. கொழும்பிலயே பாத்திருக்க மாட்டாங்களாம்."

அவள் தொழுகைப் பாயில் இருந்தாள். பக்கத்தில் அடக்கத்துக்கென்று அத்தர்க் குப்பியும் கற்பூரமும் எடுத்து வைத்திருந்தாள்.

"அப்ப, மனுசன்ட இல்லயா?"

"இல்ல ராத்தா, அதத்தானே சொல்றன்." சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது.

ராத்தா எலும்பைப் பார்க்கவேயில்லை. என் பையிலிருந்து அதோடு வந்த துணியைத்தான் பார்த்தாள். படம் தெளிவாக விழட்டும் என்று எலும்பிலிருந்த சேற்றை அந்தத் துணியாலேயே தேய்த்துத் துடைத்திருந்தேன். மச்சானின் கபன் அடுப்படித் துணிபோல அழுக்காகி என் கையில் கிடந்தது.

"காத நீ கொண்டு போ," என்றாள் ராத்தா. "துணிய வெச்சிட்டுப் போ. கழுவி மடிச்சு வெக்கிறன். அவருக்குத் தேவப்படும்."