கரப்பானுக்கு ஒரு நிரை: ஆறு கால் இயந்திரத்தோடு பொகவந்தலாவை

தேயிலை மலையில் சுமை தூக்க இதுவரை ஓர் இயந்திரம் வராததற்குத் தொழில்நுட்பக் குறைவு காரணம் அல்ல. பெண்களின் முதுகு மலிவாகக் கிடைத்தது, அதனால் யாரும் மெனக்கெடவில்லை. ஆய்வுக்கூடத்தில் இதைச் சொன்னபோது "நல்ல முன்னுரை" என்றார்கள். நான் முன்னுரைக்காகச் சொல்லவில்லை.

நான் இலங்கை மலையகத்து லிந்துலைக்காரி. கண்டியில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறேன். உயிரினங்களின் உடலைப் பார்த்து ரோபோ செய்வது என் துறை. என் பங்குக்கு வந்தது கரப்பான் பூச்சி. சிரிக்க வேண்டாம். அதன் காலில் உள்ள முட்கள் ஒரு பக்கம் மட்டும் மடங்கும். ஊன்றும்போது தரையைக் கவ்வும், தூக்கும்போது தானாக விட்டுவிடும். அந்த முட்களை நைலோனில் செய்து ஆறு கால்களில் பொருத்தினேன். கொழுந்து மூட்டையை மலையிலிருந்து நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. பணம் தருவது ஒரு தோட்டக் கம்பனி. ஆய்வுக்கூடத்துச் சாய்பலகையில் அது அழகாக நடந்தது. பலகையில் யாரும் கொழுந்து எடுப்பதில்லை என்பதால் போன ஆகஸ்டில் பொகவந்தலாவைக்குக் கிளம்பினேன்.

கண்டியிலிருந்து ஹட்டனுக்குக் காலை ஒன்பது மணி பஸ், மூன்று மணி நேரம். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வளைவுகள் அதை ஒன்றேகால் மணி நேரமாக்கிவிடும். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். டிக்கெட் போடுகிறவர் அதற்கும் ஒரு சீட்டுக் காசு கேட்டார்.

"பெட்டிக்குள்ள என்னா தங்கச்சி?"

"கரப்பான்."

"உசுரோடயா?"

"சார்ஜ் போட்டா."

நான் இறங்கும்வரை மனுசன் என் பக்கம் வரவில்லை.

இரவு பசாரில் தங்கி, மறுநாள் ஆறேகாலுக்கு பாரூக் நானாவின் ஓட்டோவில் தோட்டத்துக்குப் போனேன். நாலு கிலோமீட்டர், எண்ணூறு ரூபாய். பாதை அப்படி. "போன வாரம் இந்தப் பள்ளத்துல ஒரு கல்யாணப் பொண்ண எறக்கி நடக்க வச்சேன் மகள்" என்றார். அதே பள்ளத்தில் நானும் இறங்கி நடந்தேன்.

ஏழு மணிக்குப் பெரட்டு. எல்லோரும் கூடி அன்றைய வேலையைப் பிரித்துக்கொள்ளும் இடம் அது. பிரிப்பவர் கண்டாக்கு, அதாவது வெளிக்கள உத்தியோகத்தர். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், பாதி நாள் கூலி. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியும். கண்டியில்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

நான் பெட்டியைத் திறந்ததும் கொழுந்தெடுக்கும் சாந்தி அக்கா முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும், குரல் பக்கத்து மலைக்குக் கேட்கும்.

"இது மூட்டைய தூக்கும்ங்கிறீங்க, சரி. அப்பறம் 'ஒனக்குத்தான் பாரம் இல்லையே, இன்னும் ரெண்டு கிலோ எடு'ன்னு கேப்பாங்க. கேக்க மாட்டாங்களா?"

"அது என் கையில இல்லக்கா."

"ஒங்க கையில ரிமோட்டு இருக்கே!"

பெரட்டே சிரித்தது. கண்டாக்கும் சிரித்தார். சிரித்தபடியே வேலையைப் பிரிக்கத் தொடங்கினார்.

மலையில் முதல் ஓட்டம் நாசம். கண்டியில் உட்கார்ந்து போட்ட வழியில், மேலிருந்து நிறுக்கும் இடத்துக்கு ஒரே நேர்கோடு. கரப்பான் அந்தக் கோட்டை நம்பி செடிகளுக்குள் புகுந்தது. மேலே கட்டிய மூட்டை உரசி, எடுக்காத கொழுந்தெல்லாம் ஒடிந்தது.

"ஏய்! யாரு நிரையில யாரு நொழையிறது?" சாந்தி அக்கா இடுப்பில் கைவைத்து வழியை மறித்தார். "கரப்பானுக்கு வெளக்குமாறுதான் மருந்து, தெரியுமில்ல?"

நிரை என்பது காலையில் ஒருவருக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலை வரிசை. அன்றைக்கு அது அவருடையது. அடுத்தவர் கை பட்டால் சண்டை வரும், ஏனென்றால் அதிலிருந்துதான் அவருடைய பேர் வரவேண்டும். ஒடிந்த கொழுந்து அவருடைய கிலோ.

"இதுக்கும் ஒரு நிரை பிரிச்சுக் குடுத்துருங்க சேர். அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கண்டாக்கு யோசித்து, மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக இருந்த கடைசி நிரையைக் கொடுத்தார். கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து உட்கார்ந்து, கால்கள் அகலாமல் வரிசை இடைவெளிக்குள்ளேயே நடக்கும்படி கணினி நிரலை மாற்றினேன். அரை மணி நேரம் ஆனது. நிரை தொடங்கும்போது போடும் சத்தத்தை அதற்கும் போட்டார்கள்: "பொலி! பொலியோ பொலி!" கூடவே ஒரு விசில்.

நடந்தது. ஈர மண்ணில் முட்கள் கவ்விக் கவ்வி, பதினொரு கிலோவோடு நிறுக்கும் இடம் வரை ஒரு தடவைகூடச் சறுக்காமல் இறங்கியது. திரும்ப ஏறியது. மத்தியானம் வரை இதே வேலை. படிக்க வந்ததிலிருந்து நான் இத்தனை சந்தோசமாக இருந்ததில்லை. சாந்தி அக்கா வெறும் கூடையோடு நடந்து வந்து முதுகை நெளித்தார். "அய்யோ, ஒடம்பு மெதக்குது புள்ள." ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் என் கையில் வைத்தார்.

பிறகு கண்டாக்கிடம் திரும்பினார். "சேர், காலைல கேட்டேனே. இது வந்தா கிலோவ கூட்ட மாட்டோம்னு சொல்லுங்க, எல்லார் முன்னாடியும்."

"மேல கேக்கணும்மா" என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார்சைக்கிளை உதைத்தார்.

கருவியோடு தோட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: மத்தியானத்துக்குப் பின் மழை வரும், வேலை வைக்காதீர்கள். அட்டை கடிக்காமலிருக்க சவர்க்காரம் பூசிய நீளக் காலுறை போதும். மலையில் கழிப்பறை கிடையாது. உங்களுக்கு அது ஒரு நாள், அங்கே இருப்பவர்களுக்கு ஆயுசு முழுக்க. பெரட்டுக்கு நேரத்தோடு போய், நிரை பிரிக்கும்போதே உங்கள் கருவிக்கும் கேட்டு வாங்குங்கள். இவற்றைவிட முக்கியமானது, நீங்கள் செய்வது யாருடைய கூலியைத் தொடும் என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள். நான் அந்தப் பதில் இல்லாமல்தான் போனேன்.

போன வாரம் கண்டியில் முன்னேற்றக் கூட்டம். கம்பனிக்காரர் வீடியோவைப் பார்த்துக் கை தட்டினார். பற்றரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டார், சொன்னேன். மழையில் ஓடுமா என்றார், சொன்னேன். அப்புறம் நான் கேட்டேன்: இந்த இயந்திரத்தைக் காட்டி யாருக்கும் கிலோவைக் கூட்ட மாட்டோம், ஒருவர் பேரையும் அரைப் பேராக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அவர் என் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் அடுத்த படத்தைப் போடச் சொன்னார். நான் போடவில்லை.

"எழுதுங்க சேர்" என்றேன்.