ஏர்பேட்டிலிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர்

சென்ட்ரலில் ரயில் ஏறியபோது விடிந்துகொண்டிருந்தது. மறுநாள் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். நீடித்து நிலைக்கும், எல்லோருக்கும் நியாயமான நகரங்களைப் பற்றிய ஆய்வில் எப்படி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்வது என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை செய்பவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

திருத்தணி தாண்டியதும் மடிக்கணினியைத் திறந்தேன். பேச்சுக்காகச் சேர்த்து வைத்திருந்த படங்களில் ஒன்று, பத்து வருடத்துக்கு முன்பு திருப்பதி ஏரிக்கரைக் குடிசைகளில் நான் கணக்கெடுப்பு நடத்தியபோது எடுத்தது. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடம் அது. "மக்கள் மாற்று வீடுகளுக்குச் செல்ல விரும்புகிறார்கள்" என்று அறிக்கை எழுதினேன். வீடுகள் வந்தன. எனக்குப் பெயரும் வந்தது. அந்த வீடுகளை மட்டும் நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பியிருந்தேன்.

காலை 9.20. ரேணிகுண்டாவில் இறங்கி, காளஹஸ்தி போகும் பேருந்தில் ஏர்பேடு வந்தேன். சாலையின் இரு புறமும் வேர்க்கடலைக் காடு. அந்த மாற்று வீடுகள் இருக்கும் காலனி அங்கிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் என்னையும் என் பையையும் பார்த்தார்.

"காலனிக்கா? இருநூறு ஆவும் மா."

"அஞ்சு கிலோமீட்டருக்கா?"

"திரும்பி வர்றப்ப சவாரி கெடைக்காது. காலி வண்டியாதான் வரணும்."

வேறு வண்டி இல்லை. ஏறிக்கொண்டேன்.

10.45. வெயிலில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். கான்கிரீட் கூரை, வெளிர் மஞ்சள் சுவர். என் கற்பனையில் இருந்ததைவிட நல்ல வீடுகள்தான். ஆனால் பாதிக்கு மேல் கதவுகளில் பூட்டு தொங்கியது. பழைய பட்டியலில் இருந்த பெயர்களைச் சொல்லி விசாரித்தபோது கஸ்தூரியின் வீட்டைக் காட்டினார்கள். சித்தூர் பக்கம் குடிபாலாவை ஒட்டிய ஊர்க்காரர். நிலமில்லாத குடும்பம். பிழைக்கத் திருப்பதிக்கு வந்து, கல்யாண மண்டபம் ஒன்றில் கணவனும் மனைவியுமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வயல் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். புடவை ஓரமெல்லாம் செம்மண்.

"அடையாளம் தெரியுது மேடம். ஏரிக்கரையில உக்காந்து எழுதிக்கினு இருந்தீங்களே!"

ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் இறங்கி உட்கார்ந்தேன்.

"வீடு வசதியா இருக்கா?"

"வீட்டுக்கு இன்னா கொற? மழ பேஞ்சா ஒழுகல. பாத்ரூம் உள்ளயே கீது. நீங்க எழுதினதாலதான் குடுத்தாங்கன்னு சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, சிரித்தார். "வீடு வந்துச்சி, வூட்டுக்காரரு போய்ட்டாரு."

என் முகம் மாறியதைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"ஐயோ, அப்பிடி இல்ல மேடம். ஆளு நல்லாதான் கீறாரு. முகூர்த்த வேல விடியகாலம் நாலு மணிக்கே ஆரம்பிச்சிடும். இங்கேர்ந்து மொத பஸ்ஸே ஆறு மணிக்கு மேலதான். ஏரியாண்ட இருந்தப்ப ரெண்டு பேரும் நடந்தே போவோம். இப்ப அவரு மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு ஷெட்டுல படுத்துக்கினு வேல செய்றாரு. நான் நின்னுட்டேன். இங்க கடலக் காட்டுக்குப் போய்க்கினு கீறேன். ஏம் சேஸ்தாம்?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, அவரே தமிழில் முடித்தார்: "என்னா பண்றது."

மகளைப் பற்றிக் கேட்டேன். கணக்கெடுப்பின்போது என் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தெலுங்கில் எழுதிக் காட்டிய குழந்தை.

"டென்த்தோட நின்னுட்டா. காலேஜிக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும். நாயுடுபேட்டை பக்கம் ஒரு கம்பெனிக்குப் போறா. வாசல்லயே வண்டி வந்து ஏத்திக்கினு போவுது. ஞாயித்துக்கிழமயும் ஷிப்டு. அவ நைனாவப் பாத்தே ஒரு மாசம் ஆச்சி."

பூட்டிய வீடுகளைச் சுட்டிக் கேட்டேன்.

"டவுனுக்கே திரும்பிட்டாங்க. ஏரிக்கரையில உடமாட்டாங்க இல்ல, கால்வா ஓரமா ஷீட்டு போட்டுக்கினு கீறாங்க."

அந்தக் கால்வாய் எனக்குத் தெரியும். ஏரி நிரம்பினால் முதலில் தண்ணீர் பாய்வது அங்கேதான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "கஸ்தூரி, அன்னைக்கு வீடு குடுத்தா போவீங்களான்னு மட்டும் கேட்டேன். எவ்வளவு தூரத்துலன்னு நான் கேட்டிருக்கணும்."

அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"நான் கேட்டேனே மேடம். எவ்ளோ தூரம்னு கேட்டேன். நீங்கதான், அத அப்பறம் பாக்கலாம், இப்ப ஆமாவா இல்லியான்னு மட்டும் சொல்லுங்கன்னீங்க. நான் ஆமான்னேன்."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. எனக்கு மறந்துபோனதை எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். எவ்வளவு யோசித்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஆனால் அப்படிச் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமே இல்லை. அன்று இருட்டுவதற்குள் முப்பது வீடுகளை முடிக்க வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்கு மேடம், துன்னுட்டுப் போங்க" என்று தட்டை எடுத்து வைத்தார். ராகிக் களியும் வேர்க்கடலைச் சட்னியும். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

திருப்பதிக்குத் திரும்பும்போது தூரத்தைக் குறித்துக்கொண்டேன். காலனி வாசலிலிருந்து பழைய ஏரிக்கரை வரை இருபத்தெட்டு கிலோமீட்டர். ஏர்பேட்டில் பேருந்துக்குக் காத்திருந்ததையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆனது. கஸ்தூரி வேலைக்கு நடந்த பாதையையும் நடந்து பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம்.

மறுநாள் காலை பதினொரு மணி. அரங்கு நிறைந்திருந்தது. ஏரிக்கரைப் படம் திரையில் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். ஆனால் கடைசி நேரத்தில் தைரியம் போய்விட்டது. "ஒரு ஆய்வாளர் இருந்தார்" என்று ஆரம்பித்து, யாரோ செய்த தவறுபோலச் சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சித்தூர்க்காரி என்று சொல்லிக்கொண்டு தமிழிலேயே கேட்டாள்.

"மேடம், அந்த ஆய்வாளர் திரும்ப அங்க போய்ப் பாத்தாங்களா?"

"நேத்துதான் போனாங்க," என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்துக்கும் புரிய வேண்டும் என்று ஒலிவாங்கியை இன்னும் கிட்ட இழுத்து, "நான்தான் அது" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "ரிப்போர்ட்ட மாத்துனீங்களா?"

"இல்லை."

இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

மாலை ரயிலில் அந்த அறிக்கையைத் திறந்து படித்தேன். எங்கள் தொழிலில் ஆய்வின் குறைபாடுகளைச் சொல்வதற்கென்றே கடைசியில் ஒரு பக்கம் உண்டு. மொழிச் சிக்கல், மழை, ஆள் பற்றாக்குறை எல்லாவற்றையும் நேர்மையாகப் பட்டியலிட்டிருந்தேன். ஒரு பெண் கேள்வி கேட்டாள், நான் அதை எழுதிக்கொள்ளவில்லை என்பது அதில் இல்லை. அரக்கோணம் வருவதற்குள் ஒரு திருத்தக் குறிப்பு எழுதி, ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பணிவான பதில் வந்தது. திட்டம் முடிந்து கோப்பு மூடப்பட்டுவிட்டதாம். அக்கறைக்கு நன்றியாம்.

பதில் வந்த அன்று சென்னையில் மெட்ரோவிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். மருந்துக்கடை, பள்ளிக்கூடம், காய்கறி வண்டி, வீட்டு வாசல். ஏழு நிமிடம். இத்தனை வருடம் நகரங்களை அளந்தவள், என் வீட்டு வழியை அன்றுதான் முதல்முறையாகக் கடிகாரம் பார்த்து நடந்தேன்.