வெங்கச்சங்கல் பார்த்த வேலை

அறுபதுகளின் கடைசியில் பாடிக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் எனக்குக் கல் பார்க்கும் வேலை. லாரியில் வந்து கொட்டுகிற வெள்ளைக் கற்களில் வெங்கச்சங்கல் எது, சுண்ணாம்புக்கல் எது என்று நான்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உரசித் தீப்பொறி பார்க்கிற அதே கல்தான். மில்லில் அதற்குக் குவார்ட்ஸ் என்று பெயர். அப்படிச் சொல்லும்போது நான் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவேன். கண்ணாடித் துண்டில் கீறினால் கோடு விழ வேண்டும். ஆசிட் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கும், வெங்கச்சங்கல் அசையாது. அதை மாவாக அரைத்துக் கண்ணாடிக் கம்பெனிகளுக்கு அனுப்புவோம்.

அந்த மாவை மூட்டை பிடிக்கிற வேலையில் என் மனைவியின் தம்பியை நான்தான் சேர்த்துவிட்டேன். வேலை முடிந்ததும் மில்லில் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் உள்ளே போன தூசி கரைந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். அவனுக்கு வெல்லம் பிடிக்காது. "ஒழுங்கா துன்னுடா" என்று மிரட்டித் தின்னவைத்தேன்.

நாலு வருஷத்தில் அவனால் நாலு படி ஏற முடியவில்லை. டி.பி. என்று ஊசி போட்டார்கள், இருமல் நிற்கவில்லை. பேச்சு பரவி, நசரத்பேட்டையில் பார்த்து வைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அவன் சாப்பாட்டையே வெறுத்துவிட்டான்.

வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்ன வேலை என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"டி.பி. இல்லீங்க. நுரையீரல் பூரா கல்லுத்தூள். எந்த மருந்துக்கும் கரையாது. ரொம்ப நாள் தாங்காது" என்றார்.

எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வந்தது. அந்தக் கல் எதற்கும் கரையாது என்று தினமும் ஆசிட் விட்டுப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான். ஆசிட்டுக்கே அசையாதது வெல்லத்துக்கு எப்படிக் கரையும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? கல்லைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற மிதப்பு வேறு.

நான் வெளியே வந்ததும் அவன் பெஞ்சிலிருந்து எழுந்தான். "இன்னா மாமா சொன்னாரு?"

"டி.பி. இல்லையாம்." அதை மட்டும் சொன்னேன்.

அவன் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன். "அப்போ நசரத்பேட்டைக்கு ஆள் அனுப்பு மாமா. டி.பி. இல்லன்னு அவங்களாண்ட சொல்லிடு" என்றான்.

அனுப்பினேன். அவர்களும் சம்மதித்தார்கள். தை மாதம் கல்யாணம். நான்தான் முன்னே நின்று நடத்திவைத்தேன்.