நான் கொட்டச் சொன்ன தொட்டி

முப்பது வருஷம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள் நான். ஆனால் எனக்கென்று ஒரு செடி வளர்த்ததில்லை. மாடி வீடுகளில் வாடகைக்கு இருந்தே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு கோச்சடையில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். விற்றவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு, கொல்லையில் இருந்த செடிகளை அப்படியே விட்டுப் போனார்கள். பதினைந்து இருபது இருக்கும். முருங்கை, செம்பருத்தி, நந்தியாவட்டை தவிர எதன் பெயரும் எனக்குத் தெரியவில்லை.

அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. போனில் ஒரு செயலியை இறக்கி, யாரும் பார்க்காத நேரமாக இலைகளைப் படம் பிடித்தேன். ஒரே இலைக்குக் காலையில் ஒரு பெயர் வரும், சாயங்காலம் வேறொன்று வரும். அடி பருத்த ஒரு செடியை அடீனியம் என்று கண்டுபிடிப்பதற்குள், இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி அதைக் கொன்றுவிட்டேன். தண்டை அமுக்கினால் விரல் உள்ளே போனது. அன்றைக்கு வேரழுகலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அதன்பிறகு எந்தச் செடி வாடினாலும் எனக்கு அது வேரழுகலாகவே தெரிந்தது.

தெருக்காரர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. ரோஜா மொட்டு உதிர்ந்தால், கறிவேப்பிலையில் புள்ளி விழுந்தால், "டீச்சர்கிட்டக் கேளு" என்று என்னிடம்தான் வருவார்கள். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லுவேன். பெரும்பாலும் செடிகள் தாமாகவே தேறிக்கொண்டன. நல்ல பெயர் எனக்கு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். பூர்வீக நிலத்தை அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றபோது, பத்திரம் முடிந்த கையோடு வேலியிலிருந்து ஒரு கொடியை வேரோடு தோண்டி வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டியில் வைத்தார். அந்த வருஷம் அது எங்கள் நடுச்சுவர் மேல் படர்ந்ததோடு சரி, பூக்கவில்லை. கார்த்திகையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை.

மாசி மாதம் ஒருநாள் அவர் மனைவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர், இதக் கொஞ்சம் வந்து பாருங்களேன். தெனமும் தண்ணி ஊத்துறேன், அம்புட்டும் காஞ்சுபோச்சு."

"என்ன செடி அது?"

"தெரியல டீச்சர். நான் டவுன்லயே பொறந்து வளந்தவ. எங்க ஊருச் செடின்னுதான் சொல்லுவாரு. அடுத்த வருசம் பூக்கும் பாருன்னாரு."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. சுவருக்கு மேலேயே எட்டிப் பார்த்தேன். தொட்டி நிறைய ஈரம். நடுவில் வைக்கோல் மாதிரி ஒரு தண்டும், நாலைந்து சருகும்.

"செத்துப்போச்சும்மா. வேரழுகல். மண்ணோட கொட்டிருங்க, இல்லாட்டி மத்த செடிக்கும் பரவிரும்."

"கிண்டிப் பாக்கட்டுமா டீச்சர்? உள்ள ஏதாச்சும் உசுரு இருந்தா..."

"ஒண்ணும் இருக்காது" என்றேன்.

மறுநாள் காலையில் குப்பை வண்டி வந்தபோது அவர் அந்தத் தொட்டியை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னதைக் கேட்கிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆடியில் எழுமலையில், என்னோடு வேலை பார்த்த டீச்சர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து ஊருக்கு வெளியே நடந்தபோது, ஒரு முள்வேலி முழுக்கச் செங்காந்தள் பூத்திருந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இலை கண்ணில் பட்டது. நுனி சுருண்டு முள்ளைப் பிடித்திருந்தது. இலை நுனி பற்றுக்கம்பியாக மாறுவதற்குச் செங்காந்தள்தான் எடுத்துக்காட்டு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சுவரின் மேல் போன வருஷம் படர்ந்திருந்த இலையும் இதேதான்.

வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "இது கோடையிலயும் இருக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"தையிலயே காஞ்சு சருகாயிரும்மா. இருந்த எடமே தெரியாது. கெழங்கு மட்டும் உள்ள கெடக்கும். மழை விழுந்தாத் தானா மேல வந்துரும்."

"காஞ்ச பெறகு தண்ணி ஊத்தணுமா?"

"ஊத்தவே கூடாது. சும்மா விட்டாப் போதும். கெழங்கு வேணும்னா மாசியில வாங்க, தாரேன். வெசம் அது, தொட்டாக் கையக் கழுவிரணும்."

பஸ்ஸில் திரும்பும்போது சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுதான் யோசித்தேன். சொல்லாவிட்டால் அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் அவர் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, இந்த முறை வாசல் வழியாகவே போய், போனில் இருந்த படத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் பூவா?"

"ஆமாம்மா."

"அப்ப, அன்னைக்கு அது சாகல."

"தண்ணிய மட்டும் நிறுத்தியிருந்தாப் போதும். எனக்குத் தெரியல."

"தெரியலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல டீச்சர். நான் என்ன உங்களுக்குப் பரீட்சையா வச்சேன்?"

"மாசியில கெழங்கு வாங்கித் தாரேன். அதே ஊருக் கெழங்குதான்."

"வேணாம். அது யாரு வேலியோ" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத் துணியை உதறிக் காயப்போட ஆரம்பித்தார். சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அதன்பிறகு என்னைப் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். சுவருக்கு மேல் எட்டிப் பேசுவது நின்றுபோனது.

தை பிறந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திருமங்கலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், வாரேன் என்று சொல்லி, தன் தொட்டிச் செடிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாராம். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அடுத்த வாரமே எதிர்வீட்டுப் பெண் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், இது என்ன செடி? வெயில்ல வைக்கலாமா?"

"தெரியலம்மா, அவங்ககிட்டயே கேளு" என்றேன். அவளிடம் அவருடைய நம்பர் இருந்தது. என்னிடம் இல்லை.