வெட்டிய வரி

பாய்லரின் தகட்டு உறைமேல், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் வைத்திருந்த உள்ளங்கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கைக்குரியவர் அவிநாசி சாலையை ஒட்டிய சாயப்பட்டறையின் பாய்லர்காரர். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து அலங்காரச் சொற்களை வெட்டியே பழகிய நான், அன்று வெளிநாட்டு ஆய்வாளருக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன்.

இயந்திரம் எப்படியிருக்கிறது என்று ஆய்வாளர் அவரிடம் கேட்டார்.

"மூணு நாளா இவளுக்கு மூச்சு வாங்குதுங்க தம்பி. அடிவயித்துல முனகறா. ரெண்டு நாள் படுக்கப் போடோணும், அவருகிட்டச் சொல்லுங்க."

"ஊட்ல சம்சாரத்தக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாருங்க," என்றார் சாய மாஸ்டர். எல்லோரும் சிரித்தோம். அழுத்தமானியின் முள் சரியான இடத்தில் நின்றது. அந்நியர் முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது. 'பழைய இயந்திரம், குறையில்லை' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆய்வாளர் என்னை ஒரு கணம் பார்த்தார். அவ்வளவு நேரம் பேசியது இவ்வளவுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த கட்டடத்தில் காற்றழுத்த இயந்திரத்தின் அருகே நின்று ஆய்வாளர், 'இது இருமுகிறது' என்றார். அதை ஒரு சொல்கூட மாற்றாமல் தமிழில் சொன்னேன். உடனே மெக்கானிக் வந்தார். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நாங்கள் போய்வந்த நான்காம் நாள் காலை பாய்லர் குழாய் வெடித்தது. அதற்குமுன் சத்தம் மாறியதுமே, விறகு தள்ளிய இரண்டு பீகார் ஆட்களையும் டீ குடிக்கச் சொல்லிச் சைகையில் வெளியே அனுப்பிவிட்டு, நெருப்பை இழுத்து அணைக்க அவர் தனியாக நின்றிருக்கிறார்.

மருத்துவமனையில் அவருடைய வலக்கை முழுக்கக் கட்டு. நான் வெட்டிய வரியைப் பற்றிச் சொன்னேன். என்னை விட்டுவிட்டு அவர் பாய்லருக்குப் பரிந்து பேசினார்.

"அவளக் குத்தஞ்சொல்லாதீங்க. சொல்லிப்போட்டுத்தான பண்ணினா."

போன மாதம் வெள்ளகோவிலில் அவர் இப்போது தங்கியிருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன்.

"இடக்கைல தர்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க," என்று அவரே டீயை நீட்டினார். பட்டறையில் புது பாய்லர் வந்துவிட்டதாகச் சொன்னேன்.

"எப்படி இருக்கறா?"

"முள் சரியா நிக்குதுங்க."

"நான் முள்ளக் கேக்கலீங்க தம்பி."

புதியதன்மேல் யாரும் கை வைத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. அவருடைய வலக்கை மடியில் கிடந்தது. அதற்கு இப்போது சூடு தெரிவதில்லை.