கார் பார்க்க வந்தவர்கள்

எங்கள் அத்தையைப் பெண் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் காரைப் பார்க்க வந்தார்கள். இதில் ஒன்றும் அதிசயம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஏழு வயது. அத்தையை விடக் கார் பெரியதுதானே!

தாத்தா தம் கடைசிக் காலத்தில் வாங்கி, மேலகரம் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போன கார் அது. வைக்கோற்போருக்குப் பக்கத்தில் வெயிலிலும் சாரலிலும் நின்று நின்று அதன் அரக்குச் சிவப்பு செத்து, பழைய செங்கல் மாதிரி வெளுத்திருந்தது. கதவில் விரலை வைத்து இழுத்தால் விரலில் மாவு ஒட்டும். செங்கோட்டையிலிருந்து அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தபோது, பிள்ளை வீட்டார் நகையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கார் ஓடுகிறதா, பார்வைக்கு எப்படி இருக்கும் என்றுதான் கேட்டனுப்பினார்கள். குற்றாலத்துக்குக் குளிக்க வரும் சாக்கில் மாப்பிள்ளையின் அப்பா அதை ஒரு நடை வந்து பார்த்துவிடுவாராம்.

மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்று அத்தை விசாரித்தாள். அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்கவே மறந்திருந்தார்.

"அவுகளுக்கு நான் வேணுமா, கார் வேணுமாண்ணே?" என்றாள் அத்தை.

"ரெண்டுந்தாம்ட்டி," என்றார் அப்பா.

கார் தேறினால் கல்யாணம் தேறும் என்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அப்பா தென்காசியில் பஸ் பழுது பார்க்கிற பட்டறையில் சொல்லி பெயிண்டுக்கு மெருகேற்றுகிற பசை ஒரு டப்பா வாங்கிவந்தார். அதைத் துணியில் தொட்டுக் கதவில் வட்டமாகத் தேய்த்தார். துணி சிவந்தது. நான் அலறிவிட்டேன். வெளுத்த காருக்குச் சிவப்பு ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு, இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் துடைத்தெடுக்கிறாரே என்று எனக்குப் பதறியது. ஆனால் துடைத்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அரக்கு நிறம் ஈரம் போல மின்னியது. சிவப்பை எடுத்தால் சிவப்பு வருகிறது! எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மேல செத்ததுதாம்ட்டி போகுது. அடியில நல்லா இருக்கு," என்றார் அப்பா. அதற்குள் அவருக்குக் கை வலித்துவிட்டது.

மிச்சத்தை அத்தை தானாகவே ஏற்றுக்கொண்டாள். கல்யாண ஆசை யாரை விட்டது என்று அம்மா சிரித்தாள். இரண்டு நாளில் கதவுகளும் மட்கார்டுகளும் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டன. நானும் ஒரு கந்தலை எடுத்துக்கொண்டு பின்கதவில் புகுந்து விளையாடினேன். பளபளப்பு வந்த பிறகும் நான் விடாமல் தேய்க்கவே, அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்ட்டி. இதுக்கு மேல தேச்சா பெயிண்டே போயிரும். அப்புறம் தலைகீழா நின்னாலும் வராது."

அவர்கள் வருகிற அன்று காலையில் பானெட் மட்டுந்தான் பாக்கி. அம்மா அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட்டின் நடுவில் தேய்க்க ஆரம்பித்தாள். அரக்கு நிறம் வந்தது. அத்தை நிறுத்தவில்லை. "வந்துட்டு அத்தை," என்றேன். அவள் காதில் வாங்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் மூச்சு வாங்கத் தேய்த்தாள். துணியில் சிவப்பு தீர்ந்து சாம்பல் நிறம் வந்தது. அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்கு அடிப்பூச்சு தெரிந்த பிறகே துணியைக் கீழே போட்டாள்.

அப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாமத் தேச்சிட்டேண்ணே," என்றாள் அத்தை.

"பாவம், அவள ஏசாதீங்க. ஆசையில தேச்சிட்டா," என்றாள் அம்மா.

தெரியாமலா? எனக்குக் குழப்பமாக இருந்தது. மறந்துபோய்விட்டாளோ என்று, "நேத்து நீதான அத்தை..." என்று ஆரம்பித்தேன். அத்தை என் காலை ஓங்கி மிதித்தாள். நான் வீறிட்டு அழுதேன். சின்னப்பிள்ளைக்குக்கூடக் காரைப் பார்த்து மனசு தாங்கவில்லை என்று அம்மா என்னைத் தேற்றினாள்.

அப்பா லேசில் விடுகிறவர் அல்ல. சந்தனத்தைக் கிண்ணம் கிண்ணமாகக் கரைத்து, ஆயுத பூஜைக்குக் கூட இல்லாத விமரிசையாகப் பானெட் முழுக்க அப்பினார். குங்குமம் வைத்தார். இலஞ்சிக்கு ஆள் விட்டு மாலை வாங்கிப் போட்டார். மாப்பிள்ளையின் அப்பா அருவியில் குளித்த ஈரத் தலையோடு வந்து இறங்கினார். காரைச் சுற்றி வந்தார், கதவைத் தடவிப் பார்த்தார், பானெட்டுக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த நேரம் பார்த்துச் சாரல் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் சாரலுக்கு யாரும் ஒதுங்குவதில்லை. பெரியவரும் ஒதுங்கவில்லை. சந்தனம் இளகி மஞ்சள் தண்ணீராகக் காரின் முன்விளக்குகளின் மேல் வழிந்தது. குங்குமம் அதன் பின்னால் ஓடியது. அப்பா தம் மேல்துண்டை எடுத்துக் காருக்குப் போர்த்தப் போனார். பெரியவர் மாலையை விரலால் ஒதுக்கிவிட்டு, சாம்பல் வட்டத்தை நிதானமாகப் பார்த்தார்.

"சாரல் நிக்கட்டும். சொல்லி அனுப்புதோம்," என்று கிளம்பிவிட்டார். கேசரியைத் தொடவில்லை. உள்ளே தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்த அத்தையை யாரும் வெளியே கூப்பிடவும் இல்லை.

அந்த வருஷம் சாரல் நின்றது; சொல்ல ஒருவரும் வரவில்லை.

அன்று அவர்கள் போனதும் வீட்டில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. என் கால் இன்னும் வலித்தது. ஆனாலும் அத்தையை நினைத்தால் பாவமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்று இவ்வளவு பெரியவளுக்கு மறந்துபோயிற்றே! உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழாத அத்தை. அடுத்தால கார் பாக்க வாரவங்களுக்கு நானே தேச்சுத் தாரேன். எப்ப நிறுத்தணும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். உடம்பு முழுவதும் குலுங்கியது. கல்யாணம் போன துக்கம் அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைத்து, அவளுக்குத் துணையாக நானும் அழுதேன்.