ஸ்டெல்லா அக்காவின் தோட்ட விளக்குகள்

மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தபோது ஜெனியின் போன் வந்தது. "அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.  ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். தைத்த ஷூக்களில் குறை பார்க்கும் எங்கள் செக்கிங் பிரிவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர் ஏன் வேலையை விட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அக்காவின் பார்வை நேராக அங்கே போய் நிற்கும். "மெஷின் தப்பு பண்ணும், ஆளு தப்பு பண்ணும். என் கண்ணு பண்ணாதுடி வனிதா" என்பார். அது வெறும் பெருமை இல்லை, உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம் வைத்திருந்தார். கத்தரி, வெண்டை, கனகாம்பரம், ஒரு முருங்கை. கம்பெனி வேன் இறக்கிவிடும்போதே இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்ற முடியும். அதற்காக நான்கு சோலார் விளக்குகள் வாங்கி நட்டார். முருங்கை நிழலில் சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்ததும் பிடுங்கி, வெயில் விழும் பக்கம் மாற்றினார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றின் தலையிலும் தூசியைத் துடைப்பார். "ஒயர் இல்ல, பில்லு இல்ல. வெயில தின்னுட்டு எரியுது பாரு" என்பார்.

நான்கு எட்டானது. எட்டு பதினைந்தானது. ஒரு மாலை அங்கே போயிருந்தபோது தோட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எதற்கு இத்தனை என்று கேட்டேன். "வெளிச்சம் கம்மிடி. இப்ப வர்ற சரக்கே சரியில்ல" என்றார். அப்போதுதான் எனக்கு முதல் பயம் வந்தது.

போன வருடம் ஒரு நாள் இரண்டு விளக்குகளைப் பையில் போட்டுக்கொண்டு என்னையும் வேலூர் லாங் பஜாருக்கு அழைத்துப்போனார். வாங்கிய கடையில், "இன்னா பாய் இது, எரியவே மாட்டேங்குது" என்று சத்தம் போட்டார். கடைக்காரர் ஒரு விளக்கை எடுத்து, மேலிருந்த தகட்டை உள்ளங்கையால் மூடினார். வெளிச்சம் மறைந்ததும் விளக்கு உடனே எரிந்தது.

"எரியுதேம்மா."

"எங்க எரியுது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அக்காவும் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடி. எரியுதா?"

நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. "மங்கலாத்தான் இருக்குக்கா" என்றேன்.

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் இரண்டு புது விளக்குகளை எடுத்துக் கொடுத்தார். "பாத்தியா, கேட்டாத்தான் நல்ல சரக்கு குடுக்கறாங்க" என்று அக்கா பஸ்ஸில் சந்தோஷமாக வந்தார். 

அதன்பின் கம்பெனியில் அவர் பார்த்து முடித்த ஜோடிகளை அவருக்குத் தெரியாமல் நான் மறுபடி பார்த்து அனுப்பினேன். நான் லீவில் இருந்த இரண்டு நாளில் குறையுள்ள ஜோடிகள் ஆர்டர் கொடுத்தவர்களிடம் போய்த் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினார்.  மறுநாளிலிருந்து அக்கா வேலைக்கு வரவில்லை.

ஜெனி நாட்றம்பள்ளியிலிருந்து வந்து டாக்டரிடம் அழைத்துப்போனாள். விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஜெனி இதைச் சொன்னாள். ஆறுதலாக இல்லை. முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தோட்டத்தில் அவர் தனியாக நடந்திருக்க மாட்டார்.

ஒரு மாலை கனகாம்பரம் பறிக்கப் போனவர் தண்ணீர்த் தொட்டி ஓரக் கல்லில் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. "அத்தன லைட்டும் எரிஞ்சிக்கிட்டுதான் இருந்திச்சி ஆன்ட்டி" என்றாள் ஜெனி. பிறகு நான்கு மாதம் படுக்கை. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. எழவே இல்லை.

கடைசியாகப் பார்க்கப் போனபோது ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலின் மேல் வெயில் விழுந்திருந்தது. என் கையைத் தடவிப் பார்த்து, "வனிதாவா? இருட்டிடுச்சாடி?" என்று கேட்டார்.

இந்தத் தடவை பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லக்கா. மணி மூணுதான் ஆவுது."

"அப்டியா" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'அப்டியா'தான்.